பீக்கிங் நவரட்ணத்தின் சம்பந்தி

தான் கட்டப்போகும் பெண் ஒரு சீனத்தி என்று கிருபன் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குண்டைத் தூக்கிப் போட்டபோது, தாய் தவமணி அகப்பையைக் கறிச்சட்டிக்குள் விட்டுவிட்டு அழத் தொடங்கினாள். தகப்பன் நவரட்ணம் எழுந்து நின்றார். மனுஷன் அடிக்கத்தான் எழும்புகிறார் என்று நினைத்துக் கிருபன் கதிரையைப் பின்னுக்கு இழுத்தான். பாவம், பிறந்த நாளிலிருந்து தகப்பனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவனுக்கு அவரைத் தெரியவில்லை. நவரட்ணம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஹொங்கொங்கோ, மெயின்லாண்டோ?"

மெயின்லாண்ட் என்றான் கிருபன். சாங்காய்க்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பட்டினம். பெண்ணின் பெயர் நிங். தாய் இல்லை, தகப்பன் மட்டும்தான். இப்போது ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் இருக்கிறார்கள்.

அவ்வளவுதான், நவரட்ணத்துக்குத் தலைகால் தெரியவில்லை. வேறொரு யாழ்ப்பாணத்துத் தகப்பன் என்றால் என்ன ஆட்கள், என்ன பகுதி என்று சல்லடை போட்டுச் சலித்திருப்பார். இவர் மகனைக் கட்டிப்பிடித்தார். ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்க, சீனத்து மருமகள் தேடி வருவது தன் வீட்டுக்குத்தான் என்றால் அதில் ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது என்றார்.

"தவமணி, நீர் அழாதேயும். எங்கட வீட்டுக்கு ஆர் வரப்போகினம் எண்டு உமக்கு விளங்கேல்லை."

தவமணிக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியபடியால்தான் அழுதாள். இத்தனை வருஷம் வீட்டுக்குள் கடுதாசியாக இருந்த சீனா இனிமேல் கையும் காலுமாக வந்து கதிரையில் இருக்கப்போகிறது. மனுஷனை இனி யார் பிடிப்பது?

இந்த மனுஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது. அறுபதுகளில் இலங்கையில் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்து, ஒரு பாதி மொஸ்கோவைப் பார்த்தும் மறுபாதி பீக்கிங்கைப் பார்த்தும் திரும்பிக்கொண்டது. நவரட்ணம் பீக்கிங் பாதி. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் 'பீக்கிங் நவரட்ணம்' என்றால் போதும், கடிதம் வீட்டுக்கு வந்து சேரும். பிறகு உலகம் முழுக்க அந்தப் பட்டினத்தைப் பெய்ஜிங் என்று சொல்லத் தொடங்கியது. நவரட்ணம் மட்டும் அசையவில்லை.

வெறும் வாய்ச்சவடால் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தேத்தண்ணிக் கடையில் சாதி பார்த்து ஒரு பகுதி ஆட்களுக்குப் பேணியும் இன்னொரு பகுதி ஆட்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையும் என்றிருந்த காலத்தில், அதே கடைகளுக்குள் போய் வாங்குப் பலகையில் குந்தி, பேணியில் தா என்று கேட்டு அடிவாங்கிய கூட்டத்தில் அவரும் ஒருவர். இடது புருவத்தில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. பேச்சோடு நிற்காமல், சிரட்டையில் குடிக்க வைக்கப்பட்ட பகுதியிலேயே பெண்ணும் எடுத்தார். தவமணியின் தகப்பன் நாகமுத்தர் பெயர்போன கூத்து அண்ணாவியார். அவர் பழக்கிய ராசா கூத்து என்றால் மூன்று ஊர்ச் சனம் பாயோடு வந்து இடம்பிடிக்கும்.

கட்சியில் நவரட்ணத்துக்குக் கலைப் பொறுப்பு. அங்கேதான் வினை தொடங்கியது. சீனாவிலிருந்து வழவழப்பான தாளில் ஒரு படச் சஞ்சிகை வந்துகொண்டிருந்தது. அதைப் பிரித்தால் கண் கூசும். அங்கே மேடையிலிருந்த சக்கரவர்த்தி, மந்திரி, ஆசைநாயகி, பேய், தேவதை எல்லோரையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்களாம். அவர்கள் இடத்தில் தொழிலாளியும் விவசாயியும் படைவீரரும் வந்து நிற்கிறார்களாம். நாடு முழுவதற்கும் எட்டே எட்டு முன்மாதிரி நாடகங்கள். படங்களில் பெண்கள் முஷ்டியை உயர்த்தி, நாடியை மேலே தூக்கி, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். கன்னம் எல்லாம் செக்கச் செவேல்.

நவரட்ணமும் தோழர்களும் அதே மாதிரி நாடகம் போட முடிவெடுத்தார்கள். ஒரேயொரு சிக்கல், அந்த நாடகம் அசைந்து ஒருவரும் பார்த்ததில்லை. கையில் இருந்தது நிழற்படம். நிழற்படத்தில் ஆட்கள் அசைவார்களா? ஆகையால் நவரட்ணத்தின் நடிகர்களும் அசையவில்லை. திரை திறந்ததும் முஷ்டியை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து ஒருவர் வசனம் படிப்பார். திரை மூடும். மறுபடி திறந்தால் வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதுதான் புதிய சீன நாடகமுறை என்று நவரட்ணம் மேடையேறி விளக்கமும் கொடுத்தார். முன்வரிசையில் இருந்த சனம், பொடியளுக்குக் கை விறைக்கப்போகுது, இறக்கச் சொல்லுங்கோ என்று இரக்கப்பட்டது.

சனம் வராமல் போகவே கட்சி யோசித்தது. சனத்துக்குப் பிடித்த கூத்தையே எடுத்து அதற்குள் புதுச் சரக்கை வைப்பது என்று தீர்மானம் வந்தது. நவரட்ணம் மாமனாரிடம் போனார். ராசாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிலவுடைமையாளன் ஒருவனை வைக்கச் சொன்னார். ராசாவின் வரவுப்பாட்டும் வேண்டாம், முடியும் வேண்டாம். மருமகன் கேட்டதை நாகமுத்தர் மறுக்கவில்லை. அந்தக் கூத்து ஒரேயொரு முறை மேடையேறியது. அதற்குப் பிறகு நாகமுத்தர் ஒருவருக்கும் கூத்துப் பழக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னார், அப்படியே செத்தும் போனார்.

சரி, ரொறொன்ரோவுக்கு வருவோம். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடை. நிங்கின் தகப்பன் ஷென் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாயிற்று, நல்ல பொடியன், ஆனால் அவனுடைய தகப்பனைப் பார்த்துப் பேசிய பிறகுதான் பதில் சொல்வேன் என்றாராம். அவர் வேண்டாம் என்றால் தான் மீறமாட்டேன் என்று நிங் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். தாயும் இல்லாத வீட்டில் தனியாக நின்று தன்னை வளர்த்த மனுஷனை விட்டுவிட்டு வர அவளால் முடியாது. கிருபனுடைய வாழ்க்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, அதுவும் தகப்பனுடைய வாயில்.

அவன் வந்து கெஞ்சினான்.

"அப்பா, ப்ளீஸ், பொலிற்றிக்ஸ் மட்டும் வேண்டாம். அவர் அங்க சரியாக் கஷ்டப்பட்டவர் போல. நிங் டீடெயிலாச் சொல்லுறாள் இல்லை. சும்மா வெதரைப் பற்றிக் கதையுங்கோ."

நவரட்ணம் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். ஒரு சொல் அரசியல் பேசமாட்டேன் என்றார். பேசாமல் இருந்ததும் உண்மைதான். ஆனால் கலையே அரசியல் என்று மேடை மேடையாகத் தொண்டை கிழியக் கத்திய அதே மனுஷன், அந்த ஒரு கிழமைக்கு மட்டும் கலை வேறு அரசியல் வேறு என்ற முடிவுக்கு வந்துவிட்டார். நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது தவமணியின் தையல் மெஷின் அங்கேயே நின்றுவிட்டது, அந்தச் சஞ்சிகைப் பக்கங்கள் மட்டும் சூட்கேசின் அடியில் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் நல்லதாக நாலைந்தைத் தேர்ந்தெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தார். ஹோலில் இருந்த லட்சுமி படத்தைக் கழற்றிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த ஆணியிலும் பக்கத்து ஆணிகளிலும் முஷ்டி உயர்த்திய பெண்களைத் தொங்கவிட்டார். வீட்டுக்கு வரும் மனுஷன் சொந்த நாட்டுக் கலையைப் பார்த்து மனம் குளிரட்டும், அவ்வளவுதான் என்றார். சம்பந்தி படத்தைப் பார்த்துவிட்டுத் தன்னைத் திரும்பிப் பார்க்கப்போகும் அந்த ஒரு பார்வையை நினைத்து நினைத்து அவருக்கு அந்தக் கிழமை நித்திரையே இல்லை. எத்தனை பேர் சிரித்திருப்பார்கள், எத்தனை பேர் விசரன் என்றிருப்பார்கள்! ஒரு சீனாக்காரன், அசல் சீனாக்காரன், வந்து, நீங்கள் செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஷென் சொன்ன நேரத்துக்கு மகளோடு வந்தார். மெலிந்த மனுஷன், வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேட்டு, கையில் ஒரு பை தோடம்பழம். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். நவரட்ணம் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஷென் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்ல நடந்து போய், சுவருக்கு முதுகு காட்டும் கதிரையாகப் பார்த்து அதில் இருந்துகொண்டார்.

கிருபன் தகப்பனைப் பார்த்த பார்வையில் பச்சைத் தண்ணீரே கொதித்திருக்கும். நவரட்ணத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்றைக்கு வெதர் நல்லம் என்றார். ஷென்னும் நல்லம் என்றார். அதோடு வெதரும் முடிந்துபோயிற்று.

தவமணியின் நண்டுக் குழம்புதான் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது. ஷென் சேட்டுக் கையை மடித்துவிட்டு, கரண்டி முள்ளு எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நண்டுக்காலைப் பல்லால் உடைத்துச் சதையை உறிஞ்சி, ஓட்டை அடுக்கி வைத்த விதத்தைக் கண்டு தவமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து இந்த வீட்டு மேசையில் நண்டு தின்னத் தெரிந்த ஒரு விருந்தாளியை அவள் கண்டதில்லை. இன்னும் ரெண்டு போடு என்று கிருபனுக்குக் கண் காட்டினாள். சீனத்தி என்று அழுததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

சாப்பாட்டுக்கு நடுவே, பிள்ளைகள் இரண்டும் யூனிவர்சிற்றியில் சந்தித்த கதை வந்தது. ஏதோ பல்கலாசார விழா. நிங் சிவப்புப் பட்டுத்துணியைச் சுழற்றி ஆடினாளாம், ஐயாயிரம் வருஷப் பழைமையான சீன நடனம் என்று அறிவித்தார்களாம். அந்த வீடியோ கொப்பியைப் பார்த்துவிட்டுத் தவமணி கோவில் நடனம் மாதிரிப் புனிதமாக இருக்கிறது என்றிருந்தாள், நவரட்ணம் இதுதான் மக்கள் கலை என்றிருந்தார். ஷென் நண்டை வைத்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். அவருடைய இங்கிலீஷ் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், முட்டுப்படும் இடத்தில் நிங் எடுத்துக்கொடுப்பாள். அந்த நடனத்துக்குத் தன்னைவிட வயது குறைவு என்றார். கிராமத்தில் அறுவடைக்கு ஆடியதை இராணுவ முகாமில் வைத்து வெட்டி ஒட்டி, மேற்கத்திய பலே நடனத்தில் கொஞ்சம் சேர்த்து உருவாக்கினார்களாம். தான் பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்து வளர்ந்தவராம். இங்கே வந்து பார்த்தால் அதற்கு ஐயாயிரம் வயதாகிவிட்டது என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நவரட்ணத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. வந்த தைரியத்தில் வாயும் திறந்துகொண்டது. கிருபன் மேசைக்குக் கீழே காலால் இடித்ததை அவர் உணரவேயில்லை. தானும் ஊரில் உந்தச் சீன நாடகங்களைப் பார்த்து நாடகம் போட்டவன்தான் என்று தொடங்கி, சஞ்சிகை, நிழற்படம், அசையாமல் நின்ற நடிகர்கள் என்று முழுக்கச் சொல்லி முடித்தார்.

ஷென் கண்ணை இமைக்காமல் கேட்டார். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கத் தொடங்கினார். செய்யச் சொல்லி யார் கட்டாயப்படுத்தியது? ஒருவருமில்லை. சம்பளம்? சம்பளமா, நாங்கள்தான் கைக்காசு போட்டோம். பிழையாகச் செய்தால் என்ன செய்தார்கள்? என்ன செய்வது, சனம் கேலி பண்ணிக் கூ அடித்தது. பிறகும் ஏன் செய்தீர்கள்? மக்களுக்காக.

"மக்கள் கூ அடித்தார்கள்," என்றார் ஷென்.

"ஓம்," என்றார் நவரட்ணம்.

ஷென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எங்கே, எப்படி நின்றீர்கள், காட்டுங்கள் என்று கேட்டார். நவரட்ணம் விடுவாரா? சாரத்தோடு எழும்பி, முஷ்டியை உயர்த்தி, நாடியைத் தூக்கி, ஹோலின் நடுவில் நின்று காட்டினார். நிங் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிருபனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தவமணி மட்டும் பாயாசம் எடுக்க எழும்பிப் போனாள்.

சிரித்து முடிந்ததும் ஷென் தன் கதையைச் சொன்னார். அந்த எட்டு நாடகங்களில் ஒன்றுக்குத்தான் தன் ஊர் நாடகக் குழுவில் புல்லாங்குழல் வாசித்தாராம். எல்லாமே பீக்கிங்கிலிருந்து எழுதி வரும். கிழிந்த காற்சட்டையில் எத்தனை ஒட்டு, எந்த அளவு, விளக்கை எந்தக் கையில் எவ்வளவு உயரத்தில் பிடிப்பது, எல்லாம். மாற்றினால் அது குற்றம். ஒருமுறை கதாநாயகிக்கு மேடையில் தும்மல் வந்தது. அவள் தும்மவில்லை, அடக்கியதில் கண்ணால் தண்ணீர் ஓடியது. மறுநாள் பத்திரிகையில் அதைப் புரட்சிக் கண்ணீர் என்று எழுதினார்கள். வருஷக்கணக்காக அதே நாடகம், அதே பாட்டு. ஒலிபெருக்கியில், ரயிலில், வயலில், எங்கும் அதுதான். சனத்துக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.

"எங்கள் நாட்டில் யாரும் கூ அடிக்கவில்லை," என்றார்.

பிறகு தோடம்பழம் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே தகப்பனைப் பற்றிச் சொன்னார். அவர் பழைய நாடகத்தில் பெண் வேஷம் கட்டிப் பாடுகிறவர். சக்கரவர்த்தியின் ஆசைநாயகியாக அவர் நீளக் கையைச் சுழற்றிக்கொண்டு மேடைக்கு வந்தால் சந்தை வெறிச்சோடிப்போகும். கலாசாரப் புரட்சிக்காரர்கள் வந்தார்கள், உடுப்புப் பெட்டிகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். அவர் பாடிய அதே மேடையில் அவரை முழங்காலில் இருத்திக் கூட்டம் வைத்தார்கள். முதலில் மகன் பேச வேண்டும் என்றார்கள். ஷென்னுக்குப் பதினேழு வயது. எழுந்து போய், இந்த மனுஷன் பாடுவது விஷம், மக்களுக்குப் போதையூட்டுகிற விஷம் என்று பேசினார். நன்றாகப் பேசினார். சனம் கைதட்டியது. அதற்குப் பரிசாகத்தான் புல்லாங்குழல் வேலை கிடைத்தது.

தகப்பனுக்கு அதே மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை. மகன் மேடைக்குக் கீழே இருந்து வாசிப்பான், தகப்பன் பின்னால் விளக்குமாறோடு நிற்பார். வீட்டுக்கு வந்தால் தகப்பன் ஒன்றும் கேட்கமாட்டார். சோறு பானைக்குள் இருக்கு என்பார், அவ்வளவுதான். அவர் செத்துச் சில வருஷத்தில் காலம் மாறியது. சக்கரவர்த்திகளும் ஆசைநாயகிகளும் மறுபடி மேடைக்கு வந்தார்கள், சனம் தெருவைச் சுற்றி வரிசையில் நின்றது. உன் தகப்பனின் பாணி உனக்குத்தானே தெரியும், வந்து சொல்லிக்கொடு என்று கூப்பிட்டார்கள். போனார். வாயைத் திறந்தார். வரவில்லை.

நிங் இதையெல்லாம் முன்பு கேட்டதில்லை போலும். மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுத் தகப்பனின் தோளில் கை வைத்தாள். ஷென் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நவரட்ணத்தின் பக்கம் கதிரையை முழுவதாகத் திருப்பினார்.

"கிருபன் எனக்குச் சொல்லியிருக்கிறான். நீங்கள் உங்கள் மாமனாரின் கூத்திலிருந்து ராசாவை வெளியே எடுத்தீர்கள். அப்போது, அது சரி என்று உண்மையாகவே நம்பித்தான் எடுத்தீர்களா?"

நவரட்ணம் வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யோசித்துச் சொல்லுங்கள். நான் ஒரு நாளும் நம்பவில்லை. என் தகப்பன் பாடுவது எவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுந்து பேசினேன். நம்பிச் செய்தவனை மன்னிக்கலாம். தெரிந்து செய்தவன் வேறு. என் மகள் அப்படி ஒருவன் வீட்டில் வளர்ந்துவிட்டாள். இன்னொருவன் வீட்டுக்கு அவளை அனுப்பமாட்டேன்."

கிருபன் தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. அப்பா நம்பாமல் எதைச் செய்தார்? உலகத்திலேயே சுலபமான கேள்வி இதுதான். ஓம் என்று ஒரு சொல்.

ஆனால் நவரட்ணத்துக்கு அந்தப் பின்னேரம் வந்து முன்னால் நின்றது. நாகமுத்தர் வீட்டு முற்றத்தில் ஒத்திகை. ராசாவின் பாட்டை வெட்டியாயிற்று, கொப்பியில் சிவப்புக் கோடும் போட்டாயிற்று. தொடங்க முதல் கிழவர், கடைசியாக ஒருக்கால் பாடிப்போட்டு விடுறன் தம்பி என்று கேட்டார். ராசமுடி இல்லை, உடுப்பு இல்லை, தோளில் ஒரு துவாய். கூனல் விழுந்த அந்த மனுஷன் வரவுப்பாட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தபோது அங்கே ராசா ஒருவன் வந்தான். வாங்கில் குந்த விடாத ஊரில், சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்த ஊரில், அத்தனை பேரையும் எழும்பி நிற்க வைக்கிற ராசா. நவரட்ணத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வேலிப்பக்கம் போய் நின்று வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இந்த ராசாவை எடுத்தால் கூத்துச் செத்துப்போகும் என்று அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த தவமணி அவர் அழுததைக் கண்டாள். கண்டது அவள் ஒருத்திதான்.

அன்றைக்குக் கட்சியின் மாவட்டச் செயலாளர் ஒத்திகை பார்க்க வருவதாக இருந்தது. ராசா இருக்கக் கண்டால் கொள்கையைத் திரிக்கிற திரிபுவாதி என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதற்குச் சீனாவில் என்றால் சிறை. வடமராட்சியில் அதிகம் போனால் கூட்டத்தில் ஒரு கண்டனத் தீர்மானம், அது முடிய எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும். அந்த வடைத் தீர்மானத்துக்குப் பயந்து நவரட்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, சரி மாமா, இனிப் புதுசைத் தொடங்குவம் என்றார்.

இவ்வளவு நாளும் அதைப் பயம் என்று அவர் தனக்குத்தானே கூடச் சொன்னதில்லை. கட்டுப்பாடு என்று சொல்லி வைத்திருந்தார்.

எதிரே, பதிலுக்காக மகன் இருக்கிறான். அவன் பக்கத்தில் அந்தப் பெண்.

"நம்பித்தான்," என்றார் நவரட்ணம். சொன்னது தமிழில் வந்துவிட்டது. திரும்ப இங்கிலீஷில் சொன்னார். முழு மனதாக நம்பினேன் என்றார்.

ஷென் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு குசினி வாசலைப் பார்த்தார். அங்கே தவமணி பாயாசத் தட்டோடு எப்போது வந்து நின்றாளோ தெரியாது. இப்படிப்பட்ட விஷயம் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும், அவரையும் கேள் என்று ஷென் கிருபனிடம் சொன்னார்.

கிருபன் சிரித்துக்கொண்டே கேட்டான். "அம்மா, தாத்தான்ர கூத்தில ராசாவை எடுத்தது அப்பா உண்மையா நம்பித்தானே எண்டு கேக்கிறார்."

தவமணி புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ விவாதத்தில் குனியாத தலை. அவள் மகனைப் பார்த்தாள், மகனுடைய விரலைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள், சம்பந்தி நண்டு ஓட்டை அடுக்கி வைத்திருந்த அந்தச் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தாள்.

"ஓம் எண்டு சொல்லு," என்றாள். "இந்த மனுசனுக்கு நம்புறதை விட வேற என்ன தெரியும்?"

ஷென் எழுந்து வந்து நவரட்ணத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. இந்தப் பூமியில் அதை நம்பிச் செய்த ஒருவனாவது இருக்கிறானா என்று தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அப்படி ஒருவன் இருந்தால் அது முழுக்கப் பொய்யாக இருந்திருக்காது என்றார். நீங்கள் நல்ல மனுஷன் என்றார். என் மகள் இங்கே வரலாம் என்றார். கிருபன் குதித்து எழும்பினான். நிங் அழுதாள். ஓர் அசல் சீனாக்காரன் வாயிலிருந்து வரவேண்டும் என்று நவரட்ணம் காலமெல்லாம் ஏங்கிக் கிடந்த மரியாதை முழுவதும் அந்த மத்தியானம் வந்து சேர்ந்தது. அவருக்குக் கையை இழுத்துக்கொண்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

தவமணி பாயாசத்தை முதலில் சம்பந்திக்குக் கொடுத்தாள். பிறகு பிள்ளைகளுக்கு. புருஷனிடம் கடைசியாக வந்து கப்பை நீட்டினாள். அவர் வாங்காமல் அவளையே பார்த்தார்.

"வாங்கிக் குடியுங்கோ," என்றாள் மெதுவாக. "பிள்ளையின்ர காரியம் முடிஞ்சுது. என்ர ஐயாவுக்கு நான் மேல போய்ப் பதில் சொல்லிக்கொள்ளுறன்."

அவர் வாங்கிக் குடித்தார்.